இராவுத்தர் எழுதாத பயண நூல்

பயண நூலை மதிப்பிட வருவோர் பொதுவாக இரண்டு கேள்விகளைக் கேட்பர். எழுதியவர் எங்கே போனார்? அங்கே என்ன கண்டார்? மூன்றாவதாகவும் ஒரு கேள்வி உண்டு. நம் திறனாய்வாளர் அதனைப் பெரும்பாலும் கேட்பதில்லை. அவர் எதன் மீது ஏறிப் போனார்? கப்பலில் சென்றவர் துறைமுகங்களை எழுதுவார். இரயிலில் சென்றவர் நிலையங்களை எழுதுவார். விமானத்தில் சென்றவருக்குப் புறப்பட்ட இடமும் இறங்கிய இடமுமே மிஞ்சும். குதிரையில் சென்றவருக்கோ இடைவழியே நூலாகிவிடுகிறது. குதிரைக்குத் தாகம் எடுக்கும்; பசிக்கும்; லாடம் தேயும். கிணறு எங்கே, புல் எங்கே, கொல்லன் எங்கே என்று அறியாத ஊராரிடம் நாள்தோறும் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விகளிலிருந்துதான் உலகத்தைப் பற்றிய நல்ல நூல்கள் பல பிறந்திருக்கின்றன.

இந்தப் பொருளைப் பேசுவதற்குச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் இல்லை. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார், ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற தம் நூலின் பெயராலேயே அழைக்கப்பட்டவர். நெற்குப்பையில் பிறந்த சோமலெ, அயல்நாடுகளைப் பற்றி எழுதியதோடு தமிழகத்து மாவட்டங்களைப் பற்றியும் தனித்தனி நூல்கள் செய்தவர். 1985-இல் தனி மாவட்டமாகப் பிரிந்த சிவகங்கையின் எல்லைக்குள் இவ்விரு ஊர்களும் அடங்கும். வானம் பார்த்த இந்தச் செம்மண் பூமி, பயணத்தைப் பிழைப்பாகக் கொண்ட மக்களை உருவாக்கியது. பயணத்தை எழுத்தாக்கும் மக்களையும் உருவாக்கியது.

இதே பூமியின் வழியாகத்தான் ஒரு காலத்தில் குதிரைகளும் போயின. கீழைக் கடற்கரையில் இறங்கிய அரபுக் குதிரைகள் பாண்டியன் தலைநகராகிய மதுரைக்கு நடத்திச் செல்லப்பட்டன. அந்தத் தொழிலோடும் குதிரைப்படையோடும் பிணைந்த பெயர் ஒன்று இன்றும் நம்மிடையே வழங்குகிறது. மரக்காயர் என்னும் பெயரைப் பலரும் மரக்கலத்தோடு இணைத்துக் காண்பர். அதுபோல இராவுத்தர் என்னும் பெயருக்குள் குதிரையேறிய வீரன் இருக்கிறான். கடல் ஒரு பெயரிலும் குதிரை ஒரு பெயரிலும் பதிந்துள்ள சமுதாயம் நம்முடையது. ஆயினும், அன்று இவ்வழியே குதிரை நடத்திப் போன தமிழ் முஸ்லிம் ஒருவர் தம் பயணத்தைத் தாமே எழுதிவைத்த நூல் எதனையும் நம் இலக்கிய வரலாறுகள் சுட்டக் காணோம். பெயர் மிஞ்சியது, பாதை மிஞ்சவில்லை. இந்த இழப்பு எத்தகையது என்பதை, எழுதப்பட்ட நூல்களைக் கொண்டே ஆராய முற்படுகிறோம்.

சேணமும் எழுதுகோலும்

குதிரைப் பயணம் எத்தகைய நூலைத் தரும் என்பதற்கு நாம் முதலில் காட்டத்தக்கவர் துருக்கியர் எவ்லியா செலபி. 1611-இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். குர்ஆனை மனனம் செய்த ஹாபிஸ். 1630-ஆம் ஆண்டு ஆஷூரா இரவில் தாம் ஒரு கனவு கண்டதாக அவரே எழுதுகிறார். கனவில் அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் காண்கிறார். பரிந்துரை வேண்டி ‘ஷபாஅத்’ என்று கேட்க நினைத்தவர், நாக்குக் குழறி ‘ஸியாஹத்’ என்று கேட்டுவிடுகிறார். பயணம் என்பது அதன் பொருள். புன்னகையோடு இரண்டும் அருளப்பட்டன என்பது அவர் கூற்று. அந்தச் சொல் தடுமாற்றத்திலிருந்து ஏறக்குறைய நாற்பதாண்டுப் பயணமும், ‘ஸியாஹத் நாமா’ என்னும் பத்துத் தொகுதிகள் கொண்ட நூலும் விளைந்தன. 1671-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், இறுதிக் காலத்தைக் கெய்ரோவில் கழித்தார்.

எவ்லியா குதிரையை நேசித்தவர்; குதிரையேற்றத்தில் தேர்ந்தவர். ஊருக்கு ஊர் அவர் எழுதும் முறை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பள்ளிவாசல்கள், மதரசாக்கள், குளியற்கூடங்கள், கடைவீதி, உணவு, மக்கள் பெயர்கள், பேச்சு வழக்கு என்று வரிசையாகச் சொல்லிச் செல்வார். எண்ணிக்கைகளை மிகைப்படுத்துவார். தாம் காணாததையும் கண்டதுபோல் எழுதிய இடங்கள் உண்டு. திறனாய்வாளர் இக்குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வழியில் சந்தித்த மக்களின் மொழிகளிலிருந்து சொற்களைத் திரட்டித் தந்தாரே, அது எப்படி அவருக்கு வாய்த்தது? ஒவ்வோர் ஊரிலும் இறங்கியதால் வாய்த்தது. சேணத்திலிருந்து இறங்கியவன் எதிரே நிற்பவனோடு பேசாமல் இருக்க முடியாது. 2009-இல் ஒரு குழுவினர் துருக்கியில் அவர் சென்ற வழியின் ஒரு பகுதியைக் குதிரைகளின் மீதே தேடிச் சென்றனர். அவ்வழி இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. மூன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் பின்தொடர்ந்து செல்லக் கூடிய அளவுக்கு அவர் இடைவழியை எழுதியிருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாமவர் நம் காலத்துக்கு அண்மையவர். சுவிட்சர்லாந்தில் பிறந்து அர்ஜென்டினாவில் பள்ளி ஆசிரியராயிருந்த ஏமே சிஃபெலி, 1925-இல் புவெனஸ் அயர்சிலிருந்து இரண்டு குதிரைகளோடு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ பத்தாயிரம் மைல் கடந்து 1928-இல் நியூயார்க்கை அடைந்தார். மஞ்சா, கட்டோ என்ற அவ்விரு குதிரைகளும் ‘கிரியோயோ’ என்னும் நாட்டினத்தைச் சேர்ந்தவை. புறப்பட்டபோதே பதினைந்து பதினாறு வயதானவை. மட்டமென ஒதுக்கப்பட்ட அந்த இனத்தின் வலிமையை மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். 1933-இல் அவர் நூல் வெளிவந்தது. அதில் வீரம் பேசப்படுவதைவிடத் தீனி மிகுதியாகப் பேசப்படுகிறது. எங்கே புல் கிடைத்தது, எங்கே நீர் கெட்டிருந்தது, எந்தக் குதிரை எதற்கு மிரண்டது என்பவைதாம் பக்கங்களை நிரப்புகின்றன. ஆண்டிஸ் மலைப்பாதையில் ஒரு பயணியின் உயிர் அவன் துணிவினால் காக்கப்படுவதில்லை. தரை உறுதியற்றது என்றால் காலெடுத்து வைக்க மறுக்கும் குதிரையின் அறிவினால் காக்கப்படுகிறது. மனிதனின் இறுமாப்பைக் குறைக்கும் இந்த நூல், திருமறையின் 100-ஆவது அத்தியாயமாகிய ஆதியாத்தை அறிந்தவர்க்குப் புதிதாகத் தோன்றாது. விரைந்தோடும் குதிரைகளின் மீது ஆணையிட்டுத் தொடங்கும் அந்த அத்தியாயம், மனிதனின் நன்றியின்மையைச் சுட்டிக்காட்டுகிறதன்றோ?

மஅபரில் ஒரு விருந்தாளி

இனி நம் நிலத்துக்கு வருவோம். தஞ்சீரில் 1304-இல் பிறந்து 1325-இல் ஹஜ்ஜுக்கென வீட்டை விட்டுப் புறப்பட்ட இப்னு பத்தூதாவை அறியாத முஸ்லிம் வீடு இராது. தில்லியில் காஜியாக இருந்தவர், நூறு உயர்சாதிக் குதிரைகள் உள்ளிட்ட பரிசுகளோடு சீனத்துக்குத் தூதராக அனுப்பப்பட்டார். கள்ளிக்கோட்டைக் கரையில் வீசிய புயல் அந்தத் தூதை முடித்து வைத்தது. மாலத்தீவிலும் இலங்கையிலும் தங்கிவிட்டு, மஅபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரைக்கு அவர் வந்து சேர்ந்ததும் உடைந்த கப்பலோடுதான். அப்போது மதுரையை ஆண்டவர் கியாஸுத்தீன் தாமகானி. இருவரும் ஒரே குடும்பத்துச் சகோதரிகளை மணந்தவர்கள். நம் வழக்கில் சொன்னால், சுல்தான் அவருக்குச் சகலை.

இந்த அத்தியாயம் சிறியது. ஆனால் கவனமாகப் படிப்போர்க்குச் செறிவானது. உடைந்த கப்பலின் பின்புறத்தில் இரவைக் கழித்தவரை மறுநாள் படகேறி வந்து மீட்டவர்கள் இந்நிலத்துக் குடிமக்கள், முஸ்லிம்கள் அல்லர். அவர்கள் ஒரு பழத்தைக் கொண்டு வந்து கொடுக்கின்றனர். தர்ப்பூசணிபோல் இருப்பது, உள்ளே பஞ்சுபோன்ற நார், அதில் தேன்போன்ற சாறு, அதிலிருந்து ‘தால்’ என்னும் சர்க்கரை போன்ற இனிப்பைச் செய்கிறார்கள் என்று அவர் எழுதுகிறார். தமிழ் வாசகனுக்கு விளக்கம் தேவையில்லை. அது பனம்பழம். பனையின் இனிப்பை ஒரு மொரோக்கோ நாட்டார் நாக்கில் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். வழியில் இறங்கியவரால் மட்டுமே எழுதக்கூடிய வரிகள் இவை.

பின்னர் சுல்தான் பல்லக்கும் பத்துக் குதிரைகளும் அனுப்புகிறார். அவையேறி முகாமுக்குச் செல்கின்றனர். சுல்தானின் முன்னிலைக்குக் காலணி உறையின்றிப் போகலாகாது என்பது வழக்கம். இவரிடமோ அது இல்லை. அங்கே முஸ்லிம்கள் பலர் இருந்தும், தம் காலணியைக் கொடுத்தவர் முஸ்லிமல்லாத ஒருவரே என்றும், அந்தப் பெருந்தன்மை தமக்கு வியப்பளித்தது என்றும் இப்னு பத்தூதா பதிவு செய்கிறார். தம்மவரின் குறையைத் தம் நூலிலேயே எழுதிவைக்கும் இந்த நேர்மைதான் பயண நூலுக்கு உயிர். அயலாரின் நற்குணத்தைச் சொல்லத் தயங்குகிறவர் எத்தனை ஆயிரம் மைல் சுற்றினாலும் தம் வீட்டுத் திண்ணையைத் தாண்டாதவரே.

அந்த நேர்மை அடுத்த பக்கங்களில் இன்னும் கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது. மரமும் நாணலும் அடர்ந்த காட்டின் வழியே படை செல்கிறது. சிறியவர் பெரியவர் எல்லாரும் கோடரி ஏந்திக் காட்டை வெட்டி வழி செய்ய வேண்டும் என்பது ஆணை. பிடிபட்ட மக்கள் கழுவேற்றப்படுகின்றனர். ஒரு நாள் சுல்தானுடனும் காஜியுடனும் உணவருந்திக் கொண்டிருக்கையில், ஒரு மனிதனும் அவன் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டு வரப்பட்டு அங்கேயே கொல்லப்படுகின்றனர். தாம் முகத்தைத் திருப்பிக் கொண்டதாக இப்னு பத்தூதா எழுதுகிறார். இத்தகைய கொடுமையை வேறெந்த அரசரிடமும் தாம் அறிந்ததில்லை என்றும், அதன் பொருட்டே இறைவன் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்பளிக்கிறார். உப்பிட்டவர், உறவினர், தம் மார்க்கத்தவர் என்ற மூன்று கட்டுகளையும் மீறி எழுதப்பட்ட தீர்ப்பு இது. மதுரை சுல்தான்களைப் பற்றிப் பேசும்போது நம்மவர் சிலர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமலே கடந்துவிடுவர். வேறு சிலர் இந்தப் பக்கத்தை மட்டுமே காட்டி நம் அனைவர் மீதும் பழி சுமத்துவர். இரு சாராருக்கும் விடை ஒன்றே: அக்கொடுமையைக் கண்டித்து எழுதிய கையும் ஒரு முஸ்லிமின் கையே.

குதிரையைப் போற்றும் திறனாய்வு இந்த இடத்தில் நின்று நிதானிக்கவும் வேண்டும். குதிரை மட்டுமே ஒருவனைப் பண்புள்ள பயணியாக்கிவிடாது. காட்டை வெட்டிச் சென்ற அந்தப் படையும் குதிரையேறியே போயிற்று. சேணம் மனிதனைத் தரையிலிருந்து உயர்த்துகிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நடந்து வருபவனின் தலைப்பாகைதான் தெரியும், முகம் தெரியாது. இதே இப்னு பத்தூதா இந்திய அஞ்சல் முறையை விவரிக்கும்போது ஒரு செய்தி சொல்கிறார். குதிரையஞ்சல் நான்கு மைலுக்கு ஒரு முறை மாறும். காலாள் அஞ்சலோ ஒரு மைலுக்குள் மூன்று முறை மாறும். குதிரையைவிடக் காலாளே விரைவு. ஓடிய அந்தக் கால்களுக்கு உரியவர் எவர் பெயரும் நூலில் இல்லை. குதிரைக்குப் புல் வெட்டியவன், லாடம் அடித்தவன், கடிவாளம் பிடித்து உடன் நடந்தவன் ஆகியோரின் குரலும் இல்லை.

மற்றொரு குறையும் நமக்கு நேரடியாக உரியது. பத்தன் என்ற துறைமுக நகரத்தை அவர் விரிவாக வருணிக்கிறார். கடலுக்குள் நீண்ட மரமேடை, கல்லாற் கட்டிய அழகிய பள்ளிவாசல், திராட்சை, மாதுளை, சிங்கத்தைப் பழக்கி வைத்திருந்த ஒரு பக்கீர் எனப் பலவும் வருகின்றன. அடுத்து மதுரை வருகிறது. அகன்ற வீதிகளும், இரண்டு மூன்று நாளில் உயிர் குடிக்கும் கொள்ளை நோயும் வருகின்றன. ஆனால் துறைமுகத்துக்கும் தலைநகருக்கும் இடைப்பட்ட வழியைப் பற்றி எதுவுமே இல்லை. கிழக்குக் கரைக்கும் மதுரைக்கும் இடையே கிடப்பதுதான் இன்றைய சிவகங்கைச் சீமை. கண்மாய்களும் பொட்டல்களும் முள்ளுக்காடுகளும் நிறைந்த இந்நிலத்தை, உலகின் மிகப் பெரிய பயணி ஒருவர் ஒரு சொல்லும் இன்றிக் கடந்துவிட்டார். விருந்தாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் எழுதாமல் விட்டதை இந்நிலத்துக்காரர் எழுதியிருக்க வேண்டும்.

விலையும் சாவும்

இந்நிலத்துக்காரர் எழுதாததன் விளைவு என்ன? நம் குதிரை வரலாறு முழுவதும் பிறர் கணக்கேடாகவே கிடைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மஅபர் அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், அவற்றுள் ஆண்டிறுதியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். வேக வைத்த சோறும் இறைச்சியும் தீனியாகக் கொடுத்து, பேணத் தெரியாமல் கொன்றுவிடுகின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப், ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்ததாகவும், ஒன்றன் விலை 220 தினார் என்றும், கடலில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுத்தது என்றும் கூறுகிறார். கீஷ் தீவின் ஜமாலுத்தீன் அனுப்பினார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டியரின் அமைச்சராகக் காயல் முதலிய துறைகளைப் பொறுப்பேற்று நடத்தினார்.

இந்தக் குறிப்புகளை நம் வரலாற்று நூல்கள் மாறி மாறி எடுத்தாள்கின்றன. எவரும் உரசிப் பார்ப்பதில்லை. மார்க்கோ போலோவே அடுத்து ஒரு செய்தி சொல்கிறார். குதிரை மருத்துவம் அறிந்தவர் எவரையும் இந்நாட்டுக்குப் போக வணிகர்கள் விடுவதில்லையாம். குதிரைகள் இறந்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம்! அப்படியாயின் இது தமிழரின் அறியாமையைப் பற்றிய கதையா, வணிகத்தின் பேராசையைப் பற்றிய கதையா? இறந்த குதிரைக்கும் விலை கிடைக்குமாயின், கப்பலில் அதனைக் காப்பாற்றும் கவலை விற்றவனுக்கு எந்த அளவுக்கு இருந்திருக்கும்? காயலில் கப்பலிலிருந்து இறக்கி மதுரை வரை உடன் நடந்த ஓர் இராவுத்தர் எழுதியிருந்தால் இக்கேள்விகளுக்கு விடை கிடைத்திருக்கும். எந்த மாதம் இறக்குவது, எந்தக் கண்மாயில் நீர் காட்டுவது, ஈரக்காற்றில் வளராத பாலைக் குதிரைக்குக் கொள்ளும் வைக்கோலும் எவ்வாறு பழக்குவது என்பவற்றை அவர்கள் அறிந்தே இருப்பர். அறிவு இருந்தது, ஏடு இல்லை. ஏடு இல்லாத அறிவின் மீது அயலார் எழுதியதே தீர்ப்பாக நிலைத்துவிட்டது. நம் சமுதாயத்தைப் பற்றிய எத்தனையோ பொதுக் கருத்துகள் இவ்வாறே உருவானவை.

தமிழ் கண்ட குதிரைக்காரர்

நாம் நம்மை எழுதாவிட்டாலும், தமிழ் நம்மை மறக்கவில்லை. கடல் வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே குறிப்பிடுகிறது. பின்னர் எழுந்த மாணிக்கவாசகர் வரலாற்றில், பாண்டியன் கொடுத்த பொன்னோடு அமைச்சர் குதிரை வாங்கச் செல்லும் இடம் திருப்பெருந்துறை. காரைக்குடிக்குக் கிழக்கே அறந்தாங்கிக்கு அப்பால் உள்ள இன்றைய ஆவுடையார்கோயிலே அது. மதுரையிலிருந்து அவ்வூருக்கு நேர்வழி இந்தச் செட்டிநாட்டுப் பக்கமாகவே செல்கிறது. தமிழ் இலக்கியத்தின் புகழ் பெற்ற குதிரைப் பயணம் நடந்த மண் இது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நரிகள் குதிரைகளாகி மதுரைக்கு வருகின்றன. இறைவன் குதிரை வணிகர் தலைவனாக வருகிறான். குதிரைகளின் இலக்கணத்தை அவ்வணிகன் அரசனுக்கு எடுத்துரைக்கிறான். அரசன் அளித்த ஆடையை அவன் கையால் வாங்காமல் செண்டினால் ஏற்க, அரசன் சினம் கொள்கிறான். அது அவர்கள் நாட்டு வழக்கம் என்று விளக்கம் தரப்படுகிறது. காலணியின்றி அவைக்கு வரலாகாது என்ற இப்னு பத்தூதாவின் செய்தியையும் செண்டினால் ஆடை வாங்கிய இந்தக் காட்சியையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று விளங்கும். இரு வேறு பண்பாடுகள் சந்திக்கும் இடத்தில் முதலில் உராய்வது நம்பிக்கையன்று. மரியாதை காட்டும் முறைதான். அதைப் பொறுமையோடு விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். பயண நூல் செய்யும் பணி அதுவே.

அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் முருகனையே இராவுத்தன் என அழைத்தார். திரௌபதை அம்மன் கோயில்களில் முத்தால ராவுத்தர் காவலராக நிற்கிறார். நம் மார்க்க நெறிக்கு இவை ஏற்புடையனவா என்பது ஈண்டுப் பேசும் பொருளன்று. அயலார் தம் உள்ளத்தில் உயர்ந்த இடத்தை நினைத்தபோது, அங்கே ஒரு குதிரைக்கார முஸ்லிமின் தோற்றத்தையும் வைத்தார்கள் என்பதே நாம் அறிய வேண்டுவது. வெறுக்கப்பட்டவனின் பெயரை எவரும் தெய்வத்துக்குச் சூட்டமாட்டார்.

நம் புலவர்கள் பயணத்தைப் பாடாமலும் இல்லை. ஆலிப் புலவரின் மிஃராஜ் மாலை, அண்ணலாரின் விண்ணேற்றத்தைப் பாடிய தமிழ். உமறுப் புலவரின் சீறாவில் பாலை வணிகக் கூட்டங்கள் செல்கின்றன.  விண்ணகத்துக்குச் செல்லும் வழியை இத்துணை அழகாகப் பாடியவர்கள், காயலிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியைப் பாடுபொருளாகக் கொள்ளவில்லை. அன்றைய காப்பிய மரபு அதற்கு இடந்தரவில்லை என்பது உண்மை. ஆனால் மரபு மாறிய பின்னும் நம் வழக்கம் மாறவில்லை என்பதே வருத்தம்.

செட்டிநாட்டுச் சிற்றூர்களில் புரவியெடுப்பு விழாவைக் கண்டவர் பலர் இருப்பர். வேளார் வனைந்து சுட்ட மண்குதிரைகளை மக்கள் தோளில் சுமந்து ஐயனார் கோயிலுக்குக் கொண்டு செல்வர். குதிரை மனிதனைச் சுமந்த காலம் போய், மனிதன் குதிரையைச் சுமக்கும் ஊர்வலம் அது. ஊர் எல்லையில் நிற்கும் பல புரவிகளின் முதுகு வெறுமையாக இருக்கும். அயலாரின் வழிபாட்டுப் பொருள் என்று மதிப்போடு விலகி நிற்கும் நமக்கும் அந்த வெறுமை ஒன்றைச் சொல்லக்கூடும். ஊர் குதிரையை நினைவில் வைத்திருக்கிறது. ஏறிப் போனவன்தான் தன் கதையைச் சொல்லவில்லை.

கோட்டையூர்க்காரரின் நடை

குதிரையில்லாமலே குதிரைப் பயணியின் பண்புகளோடு எழுத முடியும் என்பதற்கு ஏ.கே. செட்டியாரே சான்று. அவர் கப்பலிலும் இரயிலிலும் சென்றவர். 1937 அக்டோபர் 2-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஆவணப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. அதற்காக ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் சுற்றி 1940-இல் படத்தை வெளியிட்டார். இத்தகைய செயலைச் செய்த ஒருவர் தம்மைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கலாம்! அவரோ தம்மைப் பின்னால் நிறுத்திக்கொண்டார். சிறு வாக்கியங்கள், குறைவான அடைமொழிகள், எதிர்ப்பட்ட மனிதரின் பேச்சு, இலேசான நகைச்சுவை. இவையே அவர் நடை. கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டிய நிலையில் இருப்பவனின் பணிவு அதில் இருக்கிறது. அந்தப் பணிவுதான் குதிரைப் பயணி கிணற்றடியில் கற்றது.

அவர் செய்த மற்றொரு தொண்டும் நாம் பின்பற்றத் தக்கது. பழைய இதழ்களிலும் நூல்களிலும் சிதறிக் கிடந்த பயணக் கட்டுரைகளைத் திரட்டி, ‘தமிழ்நாடு’ என்ற தொகுப்பாக 1968-இல் வெளியிட்டார். தாம் நடத்திய ‘குமரி மலர்’ இதழிலும் பழைய எழுத்துகளைத் தேடி அச்சிட்டார். பெரும்புலவர் அல்லாதவர் எழுதியதும் காக்கத் தக்கதே என்னும் தெளிவு அதில் விளங்குகிறது. ஆனால் இங்கும் ஓர் எல்லை உண்டு. தொகுப்பவர் இருப்பதைத்தான் தொகுக்க முடியும். எழுதப்படாததை எந்தத் தொகுப்பாசிரியராலும் மீட்க இயலாது.

நம் கையிலிருப்பது

இன்று நம்மிடையே பயண நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஹஜ், உம்ரா பயண நூல்கள் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றுட் பல, கிரியைகளைச் சரியாகக் கற்பிக்கின்றன. அது பெரும் பயனே. ஆயினும் பயண இலக்கியம் என்ற அளவுகோலை வைத்தால் பல நூல்கள் ஒரே நூலாகத் தோன்றுகின்றன. விமான நிலையம், தங்கும் விடுதி, கூட்ட நெரிசல், கண்ணீர், திரும்புதல் என்று முடிந்துவிடுகின்றன. அருகே தொழுத சூடான் நாட்டவரின் பெயர் இராது; தேநீர் கொடுத்த வங்காளத் தொழிலாளியின் ஊர் இராது. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்று வந்த ஹஜ் கப்பல் 1995-இல் நின்றது. கப்பல் நாட்கள் தந்த நீண்ட உரையாடல்களும் அத்தோடு நின்றன. விரைவு ஓர் அருட்கொடை. முதியோருக்கும் நோயாளிக்கும் அது எளிமை தந்திருக்கிறது. அதைப் பழிக்க வேண்டியதில்லை. விரைவு பறித்துக் கொண்டதை எழுத்தாவது மீட்டுத் தர வேண்டும் என்பதே நம் கருத்து.

மெதுவாகச் செல்லும் ஆசை உலகில் அழிந்துவிடவும் இல்லை. 2024 அக்டோபரில் ஸ்பெயினின் ஆந்தலூசியாவிலிருந்து மூன்று முஸ்லிம்கள் குதிரையேறி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டனர். ஐரோப்பிய நாடுகள் பலவற்றையும் துருக்கி, சிரியா, ஜோர்தான் ஆகியவற்றையும் கடந்து, 2025-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் போய்ச் சேர்ந்தனர். பழைய அந்தலுஸ் முஸ்லிம்களின் வழியை ஐந்து நூற்றாண்டுக்குப் பின் புதுப்பித்த பயணம் அது. எல்லாராலும் இயலாத செயல். ஆனால் வழியிலுள்ள மக்களின் வீடுகளில் தங்கி, அவர்கள் உணவை உண்டு, அவர்கள் துஆவைச் சுமந்து செல்வதும் ஹஜ்ஜின் ஒரு பகுதியாக இருந்தது என்பதை அது நினைவூட்டியது. பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருமறை பல இடங்களில் பணிப்பதும், வெறும் தொலைவைக் கடப்பதற்காக அன்று. கண்டு, சிந்தித்து, படிப்பினை பெறுவதற்காகவே.

பயண நூல் எழுதப் பெரும் புலமை வேண்டும் என்று நம் குடும்பங்கள் தயங்க வேண்டியதில்லை. இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி 1873-இல் அமெரிக்காவின் ராக்கி மலைகளில் தனியே குதிரையேறி நூற்றுக்கணக்கான மைல்கள் சென்றார். வழியிலிருந்து தம் தங்கைக்கு எழுதிய கடிதங்களே 1879-இல் நூலாயின. வீட்டிலிருக்கும் தங்கைக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்ற ஒரே இலக்கணம் அதற்குப் போதுமானதாயிருந்தது. இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் சைகோனிலிருந்தும் பின்னர் வளைகுடாவிலிருந்தும் நம் வீடுகளுக்கு வந்த கடிதங்கள் எத்தனை! இளையான்குடியிலும் காரைக்குடியிலும் கடலோர ஊர்களிலும் அவை இன்னும் தகரப் பெட்டிகளில் கிடக்கக்கூடும். பணம் அனுப்பிய செய்திக்கும் சலாத்துக்கும் இடையே, கப்பலில் கண்டதையும் அயலூரில் உண்டதையும் ஓரிரு வரியேனும் எழுதியிருப்பர். எழுதாமல் உம்மாக்களிடமும் நன்னிமாரிடமும் வாய்மொழியாகச் சொன்னவை இன்னும் மிகுதி.

இராவுத்தர் குதிரையோடு நடந்த பாதை நமக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. அந்த இழப்புக்கு அவர்களைக் குறை கூறுவதும் முறையன்று. எழுதுவதற்கு அன்று ஏடும் ஓய்வும் எல்லார்க்கும் வாய்க்கவில்லை. நமக்கு இரண்டும் வாய்த்திருக்கின்றன. நமக்கு முந்திய தலைமுறை கடல் கடந்த பாதையேனும் அழியாமலிருக்க வேண்டுமாயின், அதைச் சொல்லக்கூடிய பெரியவர் ஒவ்வொருவரிடமும் யாரேனும் ஒருவர் ஒரு குறிப்பேட்டோடு போய் அமர வேண்டும். எங்கே போனீர்கள் என்று மட்டும் கேட்டால் ஊர்ப் பெயர்தான் கிடைக்கும். எதில் போனீர்கள், வழியில் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் யார் என்று கேட்டால் நூல் கிடைக்கும்.